சொட்டு விடுவது கண்ணில், கசப்பது தொண்டை: கருவிழியைக் கடந்து உள்ளே போவது எவ்வளவு?

இரவுப்பறவை – ஞாயிறு, இரவு 10.12

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். டார்சோலமைடும் டிமோலாலும் சேர்ந்த சொட்டு மருந்து, காலையும் இரவும். விடுவது நான்தான். விட்ட ஒரு நிமிடத்துக்குள் "தொண்டை கசக்குது" என்பார். கன்னத்தில் வழிந்ததை நான் துடைத்துவிடுகிறேன், மிச்சம் தொண்டைக்குப் போய்விடுகிறது. அப்புறம் கண்ணுக்குள் போவதற்கு என்னதான் இருக்கிறது?

கருவிழியில் துளை எதுவும் கிடையாது என்று படித்திருக்கிறேன். மழைத்தண்ணீர் கண்ணில் பட்டால் உள்ளே போவதில்லை. நீச்சல் குளத்தில் கண்ணைத் திறந்து மூழ்கினாலும் போவதில்லை. மருந்துக்கு மட்டும் எப்படி வழி கிடைக்கிறது?

இன்னொன்று. பாதி வழிந்து வீணாகிறதே என்று பத்து நாளாக இரண்டிரண்டு துளி விடுகிறேன். சரியா?

மருந்துப்பெட்டி – ஞாயிறு, இரவு 10.40

முதலில் அந்த இரண்டாவது துளியை நிறுத்துங்கள்.

குப்பியிலிருந்து விழும் ஒரு துளி ஏறக்குறைய 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்தாலே 7 முதல் 10 மைக்ரோலிட்டர்தான். இமைக்காமல் இருந்தால் கொஞ்ச நேரத்துக்கு 30 வரை கொள்ளும். ஆக, முதல் துளியே கொள்ளளவுக்கு மேல். இரண்டாவது துளி போய் உட்கார இடமில்லாமல், ஏற்கெனவே இருக்கிற மருந்தையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடும்.

கன்னத்தில் வழியாமல் நின்றதும் நிலைப்பதில்லை. மூக்கோரம் மேலிமையில் ஒன்று, கீழிமையில் ஒன்று என்று இரண்டு சின்னத் துளைகள் உண்டு. ஒவ்வொரு இமைப்பும் கண்ணீரை அந்தத் துளைகளுக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து குழாய் வழியாக மூக்கு, மூக்கிலிருந்து தொண்டை. அழும்போது மூக்கு ஒழுகுவதும் இந்த வழியில்தான். அப்பா சொல்வது டார்சோலமைடின் கசப்பு. அதைப் பயன்படுத்துகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இப்படிச் சொல்வதுண்டு.

ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பகுதி கழுவிப் போய்விடும். கருவிழியைக் கடந்து உள்ளே இருக்கும் நீரில் சேர்வது பொதுவாக 5 சதவீதத்துக்கும் குறைவு. பயந்துவிடாதீர்கள், மருந்து செய்தவர்களுக்கும் இது தெரியும். குப்பியின் மேல் போட்டிருக்கும் 2% என்ற அடர்த்தி, இத்தனை இழப்பும் போகத் தேவையானது உள்ளே சேர வேண்டும் என்று பார்த்து வைத்ததுதான்.

அரைத்தூக்கம் – ஞாயிறு, இரவு 10.51

ஐந்து சதவீதமா! கணக்குப் பரீட்சையில் நான் வாங்கியதே அதைவிட அதிகம்.

கேள்விக்குறி – திங்கள், காலை 7.05

எனக்கு அந்த 5 சதவீதமே நம்பும்படி இல்லை. கண்ணாடி மாதிரி இறுகிய ஒரு சவ்வு. அதன் மேல் ஒரு துளி, சில நிமிடங்கள்தான். உள்ளே தள்ள பம்ப் எதுவும் இல்லை. வெள்ளைப் பகுதியில்தான் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. மருந்து அதன் வழியாகத்தான் போகும் என்று நினைக்கிறேன். கருவிழி வழியாகப் போகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி?

பழைய கரும்பலகை – திங்கள், காலை 9.30

தம்பி, நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். கண் மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியில் பாதி வேதியியல்தான் என்பதால் வாயைத் திறக்கிறேன்.

கருவிழி என்ற பேரிலேயே ஒரு குழப்பம். அது கருப்பே இல்லை. கடிகாரத்தின் மேல் இருக்கும் கண்ணாடி போல நிறமற்றது. பின்னால் இருக்கிற நிறத்திரைதான் முன்னால் தெரிகிறது. இந்தக் கண்ணாடி நடுவில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், சுமார் 540 மைக்ரான். அந்த அரை மில்லிமீட்டருக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று ஊடகங்கள் இருக்கின்றன.

வெளியே எபிதீலியம். சுமார் 50 மைக்ரான் தடிமன், ஐந்தாறு வரிசை செல்கள். மேல் வரிசைச் செல்கள் பக்கத்துச் செல்லோடு தையல் போட்டதுபோல இறுக்கமாக ஒட்டியிருக்கும். இடுக்கு வழியாக நுழைய முடியாது. போக வேண்டுமானால் செல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். செல்லின் சுவர் கொழுப்பால் ஆனது. எண்ணெயில் கரைகிற பொருளுக்கு வழி கிடைக்கும், தண்ணீரில் மட்டும் கரைவதற்குக் கிடைக்காது. நீச்சல் குளத்துத் தண்ணீர் நிற்பது இங்கேதான்.

அதற்கு அடியில் ஸ்ட்ரோமா. மொத்தத் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். கொலாஜன் இழைகள் அடுக்கடுக்காக இருக்கும், மற்றதெல்லாம் தண்ணீர். எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சட்டம் தலைகீழ்: தண்ணீரில் கரைகிறவன் சுலபமாகப் போவான், வெறும் எண்ணெய்க்காரன் மேலடுக்கிலேயே தங்கிவிடுவான்.

கடைசியில் எண்டோதீலியம், ஒரே ஒரு வரிசை செல். மறுபடி கொழுப்புச் சுவர்தான், ஆனால் இடுக்குகள் இறுக்கமில்லை. அவ்வளவு பெரிய தடை அல்ல.

ஆக, கடந்துபோக வேண்டிய மூலக்கூறு எண்ணெயிலும் கரைய வேண்டும், தண்ணீரிலும் கரைய வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று மனிதர்களைத் திட்டுவோம். கருவிழியில் அப்படிப்பட்டவனுக்குத்தான் வழி.

பம்ப் இல்லையே என்றீர்கள். பம்ப் வேண்டாம். வெளியே அடர்த்தி அதிகம், உள்ளே குறைவு. அந்த ஏற்றத்தாழ்வு போதும், மூலக்கூறு தானாகவே பரவும். சில நிமிடங்கள்தானே என்பதற்கும் பதில் உண்டு. அந்தச் சில நிமிடங்களில் மருந்து மேலடுக்குக்குள் ஏறிக்கொண்டால் போதும், பிறகு அங்கிருந்து நிதானமாகக் கசிந்து இறங்கும். பஸ்ஸில் தொற்றிக்கொள்ள நிமிடக் கணக்கு, பயணத்துக்கு மணிக் கணக்கு.

ஒளிக்கீற்று – திங்கள், பகல் 1.15

ஐயா சொன்னதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவள் நான், கண் பரிசோதகர். கேள்விக்குறி கேட்ட அத்தாட்சி இதோ.

கண்ணில் தூசி கீறிவிட்டது என்று யாராவது வந்தால் ஃப்ளூரசீன் என்ற சாயத்தைத் தொட்டு வைப்போம். நீல விளக்கில் பார்த்தால் கீறல் மட்டும் பச்சையாக மின்னும், மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்கும். அந்தச் சாயம் தண்ணீர்க்காரன். முழுதாக இருக்கிற மேலடுக்கில் அதற்கு அனுமதி இல்லை. அடுக்கு கிழிந்த இடத்தில் மட்டும் உள்ளே இறங்குகிறது.

எதிர்ப்பக்கம் ட்ராபிகமைடு, அதாவது கண்மணியை விரிக்கப் போடும் சொட்டு. 20 முதல் 30 நிமிடத்தில் கண்மணி விரிந்துவிடும். கண்மணியைச் சுருக்கும் தசையை இந்த மருந்து தளர்த்துகிறது, அந்தத் தசை கருவிழிக்குப் பின்னால் இருக்கிறது. மருந்து அதுவரை போய்ச் சேராமல் இது நடக்காது.

அடர்நிறக் கண்களில் விரிவதற்கு நேரம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறத்திரையில் இருக்கும் மெலனின் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. "இன்னும் விரியலையே" என்று இன்னொரு சொட்டு விடுவோம். வேலை தொடங்கத் தாமதமாகும், தொடங்கிவிட்டால் போகவும் தாமதமாகும்.

கூம்புக்கண் – திங்கள், மாலை 6.20

இந்த இழையைப் படித்த பிறகுதான் எனக்குப் பழைய கோபம் ஒன்று தீர்ந்தது.

எனக்குக் கருவிழி கூம்பாகப் பிதுங்கும் நோய். அது மேலும் பிதுங்காமல் இருக்க ரைபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி காட்டும் சிகிச்சை செய்தார்கள். சொட்டு விடுவதற்கு முன்னால் கண்ணின் மேல்தோலைச் சுரண்டி எடுத்தார்கள். மரத்துப்போகச் செய்துதான் எடுத்தார்கள், சரி. ஆனால் மருந்தின் வேகம் தணிந்ததும் இரண்டு நாள் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல இருந்தது. சொட்டு மருந்துதானே, அப்படியே விட்டிருக்கக் கூடாதா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். யாரும் காரணம் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வைட்டமின் பி2 உள்ளே போகாது என்பதால்தானா?

பழைய கரும்பலகை – திங்கள், இரவு 8.02

அதேதான். ரைபோஃப்ளேவின் சின்ன மூலக்கூறு, எடை 376 டால்டன். ட்ராபிகமைடு 284. பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று சுலபமாகப் போகிறது, மற்றதற்காகத் தோலையே எடுக்க வேண்டியிருக்கிறது. அளவு மட்டும் போதாது, குணம் பொருந்த வேண்டும் என்பதற்கு உங்கள் கண்ணே சாட்சி.

அளவும் ஓரளவுக்குப் பார்க்கப்படும். 500 டால்டனுக்கு மேல் போகப் போகக் கடினம். புற்றுநோய்க்கும் விழித்திரைக்கும் பயன்படுத்தும் பெவாசிசுமாப் சுமார் 1,49,000 டால்டன். அதைச் சொட்டாக விட்டுப் பயனில்லை. அதனால்தான் கண்ணுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரே மூலக்கூறு எண்ணெயிலும் தண்ணீரிலும் எப்படிக் கரையும்? பல கண் மருந்துகள் வீரியம் குறைந்த காரங்கள். கண்ணீரில் அவற்றில் ஒரு பங்கு மின்னேற்றத்தோடு இருக்கும், ஒரு பங்கு இல்லாமல் இருக்கும். மின்னேற்றம் உள்ளது தண்ணீருக்குச் சொந்தம், இல்லாதது எண்ணெய்க்குச் சொந்தம். மின்னேற்றம் இல்லாத பங்கு மேலடுக்குக்குள் போய்விட்டால் வெளியே சமநிலை குலைகிறது. உடனே மின்னேற்றம் உள்ளவற்றில் சில அதைக் கழற்றிவிட்டுக் காலியான இடத்துக்கு வருகின்றன. அவையும் உள்ளே போகின்றன. மறுபக்கம் ஸ்ட்ரோமாவின் தண்ணீரில் இறங்கியதும் மறுபடி மின்னேற்றத்தை ஏற்றிக்கொள்கின்றன. வாசலில் சட்டையைக் கழற்றி உள்ளே போய் மாட்டிக்கொள்வது மாதிரி. பன்னிரண்டாம் வகுப்பில் நான் நடத்தியபோது பாதி வகுப்பு தூங்கிய அதே சமநிலைப் பாடம்!

அரைத்தூக்கம் – திங்கள், இரவு 8.09

தூங்கியவர்களில் ஒருவன் இங்கேயே இருக்கிறேன் சார்.

மருந்துப்பெட்டி – திங்கள், இரவு 9.45

இரவுப்பறவை, உங்கள் அப்பாவின் குப்பியில் இருக்கும் டார்சோலமைடு இந்த ஆற்றுக்கால் சேற்றுக்கால் சிக்கலிலிருந்து பிறந்த மருந்துதான்.

கண்ணுக்குள் நீர் சுரக்க ஒரு நொதி உதவுகிறது, கார்பானிக் அன்ஹைட்ரேஸ். அதை முடக்கினால் சுரப்பு குறைந்து அழுத்தம் இறங்கும். அசெட்டசோலமைடு மாத்திரை இதைச் செய்யும் என்று 1954-இலேயே தெரியும். ஆனால் அந்த மாத்திரை உடம்பெல்லாம் போய் அதே நொதியை முடக்கும். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் போகும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும். சொட்டாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று அதே மருந்தைக் கண்ணில் விட்டுப் பார்த்தார்கள், அழுத்தம் இறங்கவில்லை. கருவிழியைக் கடந்தது போதவில்லை. அந்த நொதியில் 99 சதவீதத்துக்கு மேல் முடங்கினால்தான் சுரப்பு குறையும் என்பதால், கொஞ்சம் போனாலும் போதும் என்ற கதையும் இங்கே எடுபடவில்லை.

ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் தாமஸ் மேரன் என்ற மருந்தியலாளர் இதை விடாமல் துரத்தியவர்களில் ஒருவர். எண்ணெயிலும் தண்ணீரிலும் போதுமான அளவு கரைந்து, நொதியையும் இறுக்கிப் பிடிக்கிற மூலக்கூறு கிடைத்து, டார்சோலமைடு சொட்டு விற்பனைக்கு வந்தது 1990-களின் நடுவில்தான். நாற்பது வருடம்! அந்த மூலக்கூறில் அமிலத்தைப் போல நடக்கும் ஒரு பகுதியும் உண்டு, காரத்தைப் போல நடக்கும் ஒரு பகுதியும் உண்டு. கரும்பலகை ஐயா சொன்ன சட்டை மாற்றும் வித்தைதான்.

அப்பாவுக்கு எரிச்சலும் இருக்குமே? டார்சோலமைடு நன்றாகக் கரைந்திருக்க வேண்டும் என்பதற்காகக் கரைசலைக் கொஞ்சம் அமிலமாக, பிஹெச் 5.6 அருகே வைத்திருக்கிறார்கள். கண்ணீர் 7.4 அருகே. அந்த இடைவெளிதான் எரிகிறது. கண்ணீர் அதைச் சமன் செய்ததும் அடங்கிவிடும்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. லட்டானோப்ரோஸ்ட் என்று இன்னொரு கண் அழுத்த மருந்து, அமிலமாக இருந்தால் அது சரியாக உள்ளே போகாது. அதனால் அதன் மேல் கொழுப்புக்குப் பிடித்த ஒரு வால் ஒட்டி எஸ்டராக அனுப்புகிறார்கள். கருவிழியில் இருக்கிற நொதிகளே அந்த வாலை வெட்டிவிடும், உள்ளே விழுவது வேலை செய்யும் அமிலம். காவல்காரனையே வேலைக்காரனாக்கிய தந்திரம். 0.005 சதவீதக் கரைசலில் ஒரு துளிக்கு ஏறக்குறைய 1.5 மைக்ரோகிராம் மருந்துதான் இருக்கும். அது ஒரு நாளைக்குப் போதும்.

இரவுப்பறவை – திங்கள், இரவு 10.03

எரிச்சல் உண்டு, பத்து விநாடி முகத்தைச் சுளிப்பார். இதுவரை மருந்து கெட்டுவிட்டதோ என்று நினைத்திருந்தேன்.

புதுக்கண்ணாடி – செவ்வாய், காலை 8.15

கண் அறுவைக்குப் பிறகு எனக்குப் பால் மாதிரி ஒரு சொட்டு கொடுத்தார்கள், ப்ரெட்னிசோலோன் அசிட்டேட். குலுக்கிப் போடச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. குப்பி பாதியானபோது பார்த்தால் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அத்தனை நாள் எதைத்தான் விட்டுக்கொண்டிருந்தேன்?

மருந்துப்பெட்டி – செவ்வாய், காலை 9.00

தெளிந்த மேல்தண்ணீரைத்தான். அசிட்டேட் வடிவம் எண்ணெய்க்காரன், தண்ணீரில் கரையாமல் துகளாக மிதக்கும். கரையாததைக் கொடுப்பானேன் என்றால், முழுதாக இருக்கிற மேலடுக்கை அது நன்றாகக் கடக்கும். இதே மருந்தின் பாஸ்பேட் வடிவம் கண்ணாடி போலத் தெளிவாகக் கரையும், ஆனால் மேலடுக்கில் திணறும். மேலடுக்கு சிதைந்த கண்ணில் பாஸ்பேட்டும் நன்றாகப் போகும். இனி குலுக்குங்கள். அடுத்த முறை போகும்போது குலுக்காமல் விட்டதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்விக்குறி – செவ்வாய், பகல் 12.30

சரி, கருவிழி வழியாகப் போகிறது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கேள்வி பாக்கி. வெள்ளைப் பகுதி வழியாகப் போவதே இல்லையா? 5 சதவீதம்தான் போகிறது என்றால் குப்பியில் அடர்த்தியை நான்கு மடங்காக்கிவிட்டால் என்ன?

ஒளிக்கீற்று – செவ்வாய், பகல் 2.10

போகிறது. வெள்ளைப் பகுதியின் மேல் இருக்கிற மெல்லிய சவ்வு, இமைகளின் உட்பக்கத்தையும் சேர்த்தால், பரப்பில் கருவிழியைப் போல ஏறக்குறைய 17 மடங்கு. இடுக்குகளும் கொஞ்சம் தளர்வு. தண்ணீர்க்காரர்களும் பெரிய மூலக்கூறுகளும் அந்த வழியை விரும்புவதுண்டு. ஆனால் நீங்கள் முதலில் சொன்ன ரத்தக் குழாய்கள் மருந்தைக் கண்ணுக்குள் கொண்டுபோவதில்லை, உடம்புக்கு அள்ளிக்கொண்டு போகின்றன. கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. மருந்துக்கு அதுதான் வசதி.

அடர்த்தி விஷயத்தில் ஃபினைல்எஃப்ரின் நல்ல பாடம். கண்மணியை விரிக்க 2.5%, 10% என்று இரண்டு அடர்த்தியில் உண்டு. 10% போட்டுச் சிலருக்கு ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது. இதய நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தவிர்ப்போம். நான்கு மடங்கு ஊற்றினால் வீணாகிற பங்கும் நான்கு மடங்காகும். அது சாக்கடையில் போகவில்லை, ஆளுக்குள் போகிறது.

மருந்துப்பெட்டி – செவ்வாய், பகல் 2.45

இரவுப்பறவை கவனிக்க வேண்டியது இதுதான். அப்பாவின் சொட்டில் இருக்கிற டிமோலால் 0.5% என்றால் ஒரு துளியில் ஏறக்குறைய 0.2 மில்லிகிராம். மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் முதலில் ஒரு பகுதியை அழித்துவிடும். மூக்கின் சவ்வில் உறிஞ்சப்பட்டால் கல்லீரலுக்கு முன்னாலேயே ரத்தத்தில் கலக்கும். நாடித்துடிப்பு குறையலாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இறுகலாம். அப்பாவுக்கு ஆஸ்துமாவோ, நாடித்துடிப்பு குறைவோ, மயக்கம் வருவதோ உண்டென்றால் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள். பத்து நாள் இரட்டைத் துளி விட்டதையும் சேர்த்து.

விடும் முறை இதுதான். கீழிமையை இழுத்து அந்தப் பையில் ஒரே துளி. இமையை மெதுவாக மூடச் சொல்லுங்கள். இறுக்கிப் பிழிந்தால் மருந்து வெளியே வந்துவிடும். மூக்கோரம், கண்ணின் உள்மூலையில் விரலை வைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் அழுத்துங்கள். அங்கேதான் வடிகால். வேறு சொட்டும் இருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். அரை நிமிடத்தில் விட்டால் இரண்டாவது சொட்டு முதலாவதில் பாதியைக் கழுவித் தள்ளிவிடும்.

கூம்புக்கண் – செவ்வாய், மாலை 5.55

லென்ஸ் போட்டிருக்கும்போது சொட்டு விடலாமா?

ஒளிக்கீற்று – செவ்வாய், மாலை 6.30

கழற்றிவிட்டு விடுங்கள், 15 நிமிடம் கழித்துப் போட்டுக்கொள்ளுங்கள். பல சொட்டுகளில் கிருமி வளராமல் இருக்க பென்சால்கோனியம் குளோரைடு சேர்ப்பார்கள். மென்மையான லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கண்ணில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பொருள் மேலடுக்கின் தையலைக் கொஞ்சம் தளர்த்தும். மருந்து உள்ளே போக அது உதவுகிறது. ஆனால் வருடக்கணக்கில் விடுகிறவர்களுக்குக் கண் காய்ந்து உறுத்தும். அதனால்தான் அது சேர்க்காத ஒற்றைக் குப்பிகளும் வருகின்றன.

இரவுப்பறவை – அடுத்த திங்கள், இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. மருத்துவரிடம் இரட்டைத் துளி விஷயத்தைச் சொன்னோம். நாடி பார்த்தார், சரியாக இருக்கிறது.

ஒரு துளி, கண் மூடி ஐந்து நிமிடம், மூலையில் விரல். முதல் இரண்டு நாள் விரலை மூக்கெலும்பின் மேல் வைத்து அழுத்தியிருக்கிறேன், கசப்பு குறையவே இல்லை. இன்னும் உள்ளே தள்ளி வைக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. இன்று இரவு விட்டுவிட்டுக் குப்பியை மூடிக்கொண்டிருக்கிறேன், அப்பா கேட்கிறார்: "கசக்கவே இல்லையே, மருந்து விட்டியா இல்லையா?"

கேள்விக்குறி – அடுத்த திங்கள், இரவு 9.58

எரிந்ததா என்று கேளுங்கள்.

இரவுப்பறவை – அடுத்த திங்கள், இரவு 10.01

எரிந்ததாம். அதில் ஒரு குறையும் இல்லையாம்.